மீசை நனையாத கடல்

கடலுக்கு அடியில் போய் வந்தவர்கள் பவளப் பாறையைப் பற்றிச் சொல்வார்கள், ஆமையைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் நான் தாய்லாந்துக் கடலுக்குள் இறங்கியது, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அடித்த ரப்பர் ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்காக. அதனால் இதில் மீனைவிட ரப்பர் அதிகமாக வரும். ரப்பரைவிட என் மீசை அதிகமாக வரும். மீன் பிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த கம்பெனி சின்னது. லாரிக்கு புஷ், பம்ப்செட்டுக்கு வாஷர், குக்கருக்கு கேஸ்கட் என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகள் பிறந்ததும் எஸ்டேட்டில் யாரைப் பார்த்தாலும் எக்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட் என்றார்கள். கேட் எதிரில் பஜ்ஜி போடுகிறவர் ஒருவர்தான் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்தார். எங்கள் முதலாளிக்கும் அந்தக் காய்ச்சல் கண்டது. எங்கெங்கோ அலைந்து, கடலில் முக்குளிக்கிறவர்கள் கண்ணையும் மூக்கையும் மூடிப் போட்டுக்கொள்ளும் மாஸ்க்குக்கு ஆர்டர் பிடித்து வந்தார். கண்ணாடியும் டிராயிங்கும் ஆர்டர் கொடுத்தவர்கள் அனுப்புவார்கள். கண்ணாடியைச் சுற்றி, முகத்தில் ஒட்டி உட்காரும் ரப்பரை நாங்கள் அடித்துப் பொருத்தி அனுப்ப வேண்டும்.

இதற்கென்றே பின்பக்கம் புது ஷெட் போட்டார்கள். ரப்பரில் பிசிறு வெட்டப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் என்று லோக்கல் ரயிலில் தொற்றிக்கொண்டு வருகிறவர்கள். என் மனைவி செல்வியும் அவர்களில் ஒருத்தி. தரம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

முதல் சாம்பிள் வந்ததும் சோதித்துப் பார்த்தோம். எங்களிடம் நீச்சல் குளமா இருக்கிறது? பழைய டீசல் டிரம் ஒன்றைக் கழுவித் தண்ணீர் நிரப்பினோம். ஃபோர்மேன் தேவராஜ் அண்ணன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே தலையை விட்டார். மூக்குக்குக் கீழே தண்ணீர் ஏறியது. அடுத்து ஃபிட்டர், பிறகு நான், பிறகு வாட்ச்மேன். எல்லோருக்கும் அதே இடத்தில்தான் ஒழுகியது. பெண்களை யாரும் கூப்பிடவில்லை. வயதுப் பெண்களை டிரம்முக்குள் தலையை விடச் சொல்வது மரியாதையாக இருக்காது என்பது எல்லோருடைய எண்ணம்.

தேவராஜ் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"டிராயிங்கே தப்புபா. வெள்ளக்காரன் போட்டா கரீட்டாதான் இருக்கும்னு இன்னா கணக்கு?"

அன்றைக்கே, பக்கத்து ஊரான பாடியில் தனக்குத் தெரிந்த பட்டறைக்கு, ரப்பர் அச்சான மோல்டைத் தூக்கிப் போனார். மூக்குக்குக் கீழே வரும் இடத்தில் கொஞ்சம் ஆழமாகக் குடைந்து எடுத்து வந்தார். அடுத்து அடித்த மாஸ்க்கில் ஒரு சொட்டு இறங்கவில்லை. வாட்ச்மேன் டிரம்முக்குள்ளேயே கொஞ்ச நேரம் தங்கிவிட்டார், அவ்வளவு சுகமாக இருந்ததாம். முதலாளி எல்லோருக்கும் கோல்டு ஸ்பாட் வாங்கிக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

சரக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஃபேக்ஸ் வந்தது. மாஸ்க் எல்லாம் ஒழுகுகிறது, ரப்பர் மட்டமான ரப்பர், இனி உங்களோடு சகவாசம் வேண்டாம் என்பதை மிகவும் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். முதலாளி சேரில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆர்டர் போனால் புது ஷெட்டை மூடுவதைத் தவிர வழியில்லை என்றார். ஷெட்டை மூடினால் செல்வியோடு வந்து போகிற அத்தனை பேரும் மறுபடி வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

போய்ப் பார்த்துவர என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் திறமை காரணமில்லை. துபாய் போகிறேன் என்று எடுத்த பாஸ்போர்ட் என்னிடம் சும்மா கிடந்தது. திருநின்றவூர்ப் பக்கம் விவசாயக் கிணறுகளில் குதித்து நீச்சலும் கற்றிருந்தேன். ஒரே ஒரு தடங்கல் என் அப்பா. ஆவடி டிபன்ஸ் ஃபேக்டரியில் லேத்தில் நின்று ரிட்டையர் ஆனவர். அம்மா போன பிறகு நெமிலிச்சேரியில் எங்களோடு இருந்தார். சில வாரங்களுக்கு முன்புதான் மாரடைப்பு வந்து பிழைத்திருந்தார். அதிர்ச்சி மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். அப்பாவிடம் கேட்டேன். போய்ட்டு வாடா, நான் எங்கியும் போவல என்றார். அந்தப் பேச்சை நம்பி விமானம் ஏறினேன்.

புக்கெட்டில் என்னை வரவேற்றவர் ஹான்ஸ். ஜெர்மன்காரர், எங்களுக்கு ஆர்டர் கொடுத்தவர். கடலோரத்தில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன முக்குளிப்புக் கடைகளுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர். பெரிய முதலாளி என்று நான் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் போய் நின்றேன். அவர் அரை நிக்கரோடு மட்டும் உட்கார்ந்திருந்தார். எங்கள் முதலாளி இப்படி ஆபீசுக்கு வந்தால் வாட்ச்மேன் உள்ளே விட மாட்டார்.

எங்கள் மாஸ்க் ஒன்றை மேஜைமேல் வைத்து, செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் சொல்வதை நம்ப வேண்டாம், கரையோரமாகக் கடை கடையாகப் போய் நீயே கேள், வார முடிவில் கடைசித் தீவுக்கு நானே வந்து முடிவு சொல்கிறேன் என்றார். என் சூட்கேஸைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். படகுக்குள் இதைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது என்று ஒரு முதுகுப் பையைக் கொடுத்தார். துணைக்கு லேக் என்ற பெண்ணையும் அனுப்பினார். முப்பது வயதிருக்கும். முக்குளிப்பு சொல்லித்தருகிறவள். வெயிலில் கறுத்து, எங்கள் ஊர் முகமாகவே இருந்தாள். நான் முதலில் தமிழிலேயே பேசிவிட்டேன்.

இப்படித்தான் ஒரு மூட்டை மாஸ்க்கும், செல்வி கொடுத்த பருப்புப் பொடி டப்பாவும் முதுகில் ஏற, நானும் முதுகுப்பைக்காரன் ஆனேன்.

இந்த முதுகுப்பைக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளைக்கார வாலிபர்களும் பெண்களும். வீட்டில் கார் இருக்கும், படித்த படிப்பு இருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, கிழிந்த கால்சட்டையும் அழுக்குப் பனியனுமாகக் கடலோரம் முழுக்க அலைகிறார்கள். ஆவடி ஸ்டேஷனில் அந்தக் கோலத்தில் உட்கார்ந்திருந்தால் யாராவது பாவப்பட்டு இட்லி வாங்கிக் கொடுப்பார்கள். அங்கே அதற்குப் பெயர் அனுபவம்.

எதிரெதிராகப் பலகை போட்ட திறந்த வேனில் இருபுறமும் நசுங்கிக்கொண்டு போனோம். பின்படியில் வேறு நாலைந்து பேர் தொங்கினார்கள். என் எதிரில் இருந்த பெண் தோழியிடம் பூரித்துப்போய்ச் சொன்னாள்: "இப்படி நசுங்கும்போதுதான் நிஜமான மனிதர்களைச் சந்திக்க முடிகிறது." காலை நேரத் திருவள்ளூர் லோக்கலில் இந்தப் பாக்கியம் எனக்குப் பல வருஷமாக சீசன் டிக்கெட்டில் கிடைத்துவந்தது. எனக்குத்தான் அருமை தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பையன், தான் தன்னைத் தேடிக்கொண்டு வந்திருப்பதாக என்னிடம் சொன்னான். எங்கள் பக்கம் ஆள் காணாமல் போனால் வீட்டார்தான் தேடுவார்கள். நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டான். ரப்பர் எங்கே ஒழுகுகிறது என்று தேடுகிறேன் என்றேன். ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான்.

சாப்பாட்டில் சோறு கிடைத்துவிட்டது, அந்த மட்டில் நல்ல தேசம். ஆனால் எதைக் கேட்டாலும் மீன் ரசம்போல் ஒரு தண்ணீரை ஊற்றித்தான் தருகிறார்கள். பப்பாளிக் காயைச் சீவி, பச்சை மிளகாயும் காய்ந்த இறாலும் சேர்த்து உரலில் இடித்து ஒரு பண்டம் செய்கிறார்கள். காரம் போடட்டுமா என்று கடைக்காரம்மா சைகையில் கேட்டார். நமக்கென்ன காரம் புதுசா என்று தாராளமாகக் கையைக் காட்டினேன். மூன்றாம் வாயில் காது அடைத்தது. கண்ணில் தண்ணீர் வழிய நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அந்த அம்மா தன் கடைக்கு வந்த மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். லேக் மட்டும் சிரிக்காமல், வெறும் சோற்றை என் பக்கம் நகர்த்தினாள். அதற்குப் பதிலாகப் பருப்புப் பொடியைக் கொடுத்தேன். தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, டப்பாவைத் திருப்பித் தருவதற்குக் கொஞ்சம் யோசித்தாள்.

மறுநாள் நீளவால் படகு. அதாவது லாரி எஞ்சினைப் படகின் பின்னால் ஏற்றி, நீளமான கம்பியின் முனையில் காற்றாடி வைத்திருக்கிறார்கள். நடுக்கடலில் எஞ்சின் குலுங்கி நின்றது. எட்டிப் பார்த்தேன், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் புஷ் பிய்ந்திருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். உலகத்தில் கெட்டுப்போகிற ரப்பர் நம்முடையது மட்டுமில்லை. முதுகுப்பைக்காரர்கள் ஆபத்தில் மாட்டிக்கொண்ட மகிழ்ச்சியில் ஒருவரை ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். படகோட்டி ஒரு கயிற்றை எடுத்து எஞ்சினைக் கட்டிப்போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கிளப்பினார்.

கடைகளில் எனக்கு நல்ல வரவேற்பு இல்லை. எங்கள் மாஸ்க் எங்கும் மூலையில்தான் கிடந்தது. ஒரு கடையில் அதில் மண் போட்டு ரோஜாச் செடி வைத்திருந்தார்கள். இன்னொரு கடையில் அதை மல்லாக்கப் போட்டு அதில் பூனைக்குச் சோறு வைத்திருந்தார்கள். பூனை சாப்பிடும்போது ஒழுகவில்லை என்பதைக் கவனித்து வைத்துக்கொண்டேன். கடைக்காரர்கள் யாரும் சண்டை பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே மூக்கின் கீழே விரலை வைத்து, இங்கே தண்ணீர் என்றார்கள். எல்லோரும் ஒரே இடத்தைத்தான் காட்டினார்கள்.

கடைசியாகச் சேர்ந்த தீவில் ஒரே ஒரு வாடிக்கையாளர் மட்டும் எங்கள் மாஸ்க்கை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். பெல்ஜியத்துக்காரர், தாடியும் மீசையும் மார்பு வரைக்கும். இத்தனை வருஷம் கடலில் இறங்குகிறேன், என் கண்ணுக்குள் தண்ணீர் போகாத முதல் மாஸ்க் இதுதான், இதைச் செய்தவன் கையை முத்தமிட வேண்டும் என்றார். தேவராஜ் அண்ணன் கையை நினைத்துப் பார்த்தேன். எப்போதும் மூக்குப்பொடியும் கிரீசுமாக இருக்கும்.

நானே இறங்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். லேக் முழங்கால் அளவு தண்ணீரில் நிறுத்திப் பாடம் எடுத்தாள். முதல் சட்டம், மூச்சை அடக்கக் கூடாது, விட்டுக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருக்க வேண்டும், அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கெட்டுவிடும். எனக்கு இது பெரிய சோதனையாகப் போய்விட்டது. கிணற்றில் எங்கள் செட்டில் யார் அதிக நேரம் மூச்சை அடக்குகிறானோ அவன்தான் ஆம்பளை. கூவம் பாலத்தைத் தாண்டும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி மூச்சை அடக்கியே எங்களுக்குப் பழக்கம். கெட்டிக்காரத்தனம் என்று கற்ற ஒரே வித்தையை மறக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

இறங்கும் முன்பு லேக் ஒரு டப்பா வாசலினை நீட்டினாள். மீசைக்குத் தடவிக்கொள்ளுங்கள், மீசைக்காரர்களுக்கு எந்த மாஸ்க்கும் ஒழுகும், முடி வழியாகத் தண்ணீர் நுழையும் என்றாள். எனக்கு அது கொஞ்சம் கௌரவக் குறைவாகப் பட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கள் மாஸ்க்கை மாட்டினேன்.

உள்ளே போனதும் எனக்குப் பேச்சு வரவில்லை. வாயில் குழாய் இருந்தது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணமில்லை. நீலம் மேலும் கீழுமாக இருந்தது. மஞ்சள் கோடு போட்ட மீன்கள் கூட்டமாக வந்து, என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் இரண்டாகப் பிரிந்து போயின. செல்வி இதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ரப்பர் பிசிறு வெட்டி வெட்டி விரல் காய்த்துப்போனவள், அந்த ரப்பர் வழியாக என்ன தெரிகிறது என்று ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். மாஸ்க்குக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அதைத்தான் லேக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அருகில் வந்து என் மூக்கின் கீழே உற்றுப் பார்த்தாள். மேலே ஏறி வந்ததும் என் மாஸ்க்கை வாங்கித் தான் மாட்டிக்கொண்டு முங்கினாள். அவளுக்குத் தண்ணீர் ஏறியது. அவளுடைய நல்ல மாஸ்க்கை நான் மாட்டினேன். எனக்கு ஏறியது. படகில் உட்கார்ந்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவளுடைய வழவழப்பான மேலுதட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு டிரம் ஞாபகம் வந்தது. தேவராஜ் அண்ணனுக்கு அருவாள் மீசை. ஃபிட்டருக்குப் பென்சில் மீசை. வாட்ச்மேன் பட்டாளத்தில் இருந்தவர், அவர் மீசையில் எலுமிச்சம் பழம் நிற்கும். எனக்கும் குறைச்சல் இல்லை. உலகத்து முகத்தையெல்லாம் நாங்கள் அம்பத்தூர் மீசைக்கு ஏற்றபடி குடைந்து வைத்துவிட்டோம்.

ஹான்ஸ் வந்தார். விஷயத்தை விளக்கினேன். ரப்பரில் குற்றமில்லை, மோல்டை உங்கள் டிராயிங்படி திருத்தினால் போதும் என்றேன். அவர் நம்பவில்லை. முகத்துக்கு முகம் வித்தியாசப்படும், உனக்கு ஒழுகவில்லை என்பதால் ரப்பர் நல்லது என்று ஆகாது என்றார். நியாயமான பேச்சுதான். ஒரே மாஸ்க், ஒரே முகம், மீசையோடு ஒரு தடவை, மீசை இல்லாமல் ஒரு தடவை. அப்படிக் காட்டினால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். காட்டு, ஒத்துக்கொள்கிறேன் என்றார்.

நேராகப் பெல்ஜியத்துக்காரரிடம் போனேன். அவர் தாடியைக் கையால் மூடிக்கொண்டார். இதை எடுத்தால் என் மனைவிக்கு என்னை அடையாளம் தெரியாது, கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது என்றார். அப்புறம் அந்தத் தீவில் மீசை என்று ஒன்று இருந்தது என்னிடம்தான்.

இதில் என்ன பெரிய விஷயம், வழித்துவிட்டால் வளர்ந்துவிடும் என்று ஹான்ஸ் கேட்டார். அவருக்கு எப்படிச் சொல்வது? எங்கள் வழக்கத்தில் அம்மா போனால் இளைய மகன் கொள்ளி வைப்பான், அப்பா போனால் மூத்தவன். அம்மாவுக்கு மீசையை வழித்துக்கொண்டு நின்றவன் பம்பாயில் இருக்கிற என் தம்பி. மூத்தவன் நான். நான் மீசையை எடுக்கிற நாள் என்றால் அது அப்பா போன நாள். அவர் உயிரோடு இருக்கும்போது எடுப்பது அவரை வாசலில் கிடத்துவதற்குச் சமம். நான் சகுனம் பார்க்கிறவனில்லை. பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிடுகிறவன். எஸ்டேட் கேன்டீனில் மூடநம்பிக்கையைக் கிழித்துப் பேசுகிறவர்களில் முதல் ஆள் நான்தான். ஆனால் அதெல்லாம் நல்ல நெஞ்சோடு இருக்கும் அப்பாவை வைத்துக்கொண்டு பேசிய பேச்சு.

டெலிபோன் கடைக்குப் போய் ஊருக்குப் பேசினேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது, கீழ் வீட்டு டீச்சர் வீட்டு நம்பர்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டீச்சர் எப்போதும் இரண்டாவது மணியில் எடுத்துவிடுவார். மறுபடி போட்டேன். யாரும் எடுக்கவில்லை. கடைக்கு வெளியே வந்து மணலில் உட்கார்ந்தேன். என் கண்ணுக்கு முன்னால் ஒரு பக்கம் அப்பா இருந்தார். இன்னொரு பக்கம் டிபன் டப்பாவோடு ரயிலுக்கு ஓடுகிற செல்வியும் மற்றப் பெண்களும் இருந்தார்கள். எந்தப் பக்கமும் என்னைப் பார்க்கவில்லை, அவரவர் வேலையில் இருந்தார்கள். இந்த நேரம் பார்த்து வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடவுள் பெயரைச் சொன்னேன். எந்தக் கடவுள் என்று சொன்னால் கேன்டீனில் சிரிப்பார்கள்.

பிறகு நாவிதர் கடையில் போய் உட்கார்ந்தேன். தென்னை ஓலைக் கூரை, கடலைப் பார்த்த நாற்காலி. அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு, முழுக்கவா என்று சைகையில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். கண்ணாடியில் பார்க்கவில்லை. மேலுதட்டில் காற்று பட்டதும் ஏதோ துணியில்லாமல் தெருவில் நிற்பதுபோல் இருந்தது.

ஹான்ஸும் லேக்கும் கூட வர, அதே மாஸ்க்கோடு இறங்கினேன். எதிர்பார்த்தபடியே மூக்குக்குக் கீழே கடல் நுழைந்தது. முதலில் கசிந்தது, பிறகு கண் மட்டத்துக்கு வந்தது. மஞ்சள் மீனெல்லாம் கரைந்து போயிற்று. என் சர்வீஸில் ஒரு பொருள் பழுது என்று தெரிந்து இவ்வளவு ஆனந்தப்பட்டது கிடையாது. ஹான்ஸ் என் முகத்துக்கு எதிரில் மிதந்து நன்றாகப் பார்த்தார். பிறகு சரி என்பதற்கு விரலால் வட்டம் போட்டுக் காட்டினார்.

படகில் ஏறியதும், மோல்டைத் திருத்து, ஆர்டர் தொடரும் என்றார். கரைக்கு வந்ததும் முதலாளிக்கு ஃபேக்ஸும் அனுப்பினார். அதைப் படித்த தேவராஜ் அண்ணன் ஒரு நாள் முழுக்க முறைத்துக்கொண்டே திரிந்தாராம். கடைசியில், மீச இல்லாதவனுக்கு எதுக்குப்பா கடலு என்று சொல்லிவிட்டு மோல்டைத் தூக்கிக்கொண்டு பாடிக்குக் கிளம்பினாராம். செல்வி என்னிடம் பின்னால் ஒன்றே ஒன்று கேட்டாள், எங்கள யாரனா ஒருவாட்டி டிரம்முல முக்கி எடுத்துருந்தா இம்மாம் தூரம் போயிருக்கத் தேவையில்லையே என்று.

ஊர் திரும்பும்வரை அந்த நம்பரை முயன்று பார்த்தேன். கிடைக்கவில்லை. சென்ட்ரலில் லோக்கல் பிடித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் மேலுதட்டைப் பார்த்துவிட்டு, ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி என்று ஸ்டேஷன்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தேன்.

நெமிலிச்சேரியில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை முனுசாமி என்னைப் பார்த்தவுடன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அப்பாவோடு தினமும் பேப்பர் படிக்கிறவர். கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப மாமே ஆச்சு?"

அவருக்குத்தானே தெரிந்திருக்கும், என்னிடம் கேட்டால்? எப்ப என்று நானும் அவரையே கேட்டேன். மனுஷன் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். ரெண்டு நாளாகவே அப்பா கடைப்பக்கம் வரவில்லை, வெயிலுக்கு வரலையோன்னு நினைத்தேனே என்றார். அவர் என் முகத்தைப் பார்த்துச் செய்தி தெரிந்துகொண்டார். நான் அவர் அழுகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நானும் அழுதேன். அங்கே நின்றவர்களில் ஒருவர் பூக்கடைக்கு ஓடினார். இன்னொருவர் என் முதுகுப் பையை வாங்கிக்கொண்டார். தெருவுக்குள் நுழையும்போது எங்கள் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. வழியில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டெலிபோன் கேபிளை வெட்டிவிட்டார்கள் என்று யாரோ எரிச்சலோடு சொன்னது காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை.

அப்பா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் அப்படியே நின்றது. பூக்கடைக்குப் போனவர் கையில் இருந்த ரோஜா மாலையை மறைக்க இடமில்லாமல் தவித்தார். அப்பா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னாடா இது கும்பலு? மால யாருக்கு?"

கடைசியில் முனுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சமாளித்தார். "பாலு ஃபாரின் போய்ட்டு வந்துகிறான்ல நைனா, அதுக்குத்தான்." சொன்னதோடு நிற்காமல் அந்த மாலையை வாங்கி என் கழுத்தில் போட்டும் விட்டார். இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். பிறகு அவரவருக்கு அவசர வேலை ஞாபகம் வந்து கலைந்து போனார்கள்.

அப்பா மட்டும் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டாக்டர் ஆட்டிய விரல் எனக்கு ஞாபகம் வந்தது. ஃபேக்டரி, மாஸ்க், ஷெட், செல்வி என்று ஏதேதோ உளறி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. இங்க வாடா என்றார். குனிந்தேன். வெங்காய வாசனை அடிக்கிற விரலால் என் மேலுதட்டைத் தொட்டார். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"இது உங்கம்மா வாய்டா. அப்டியே கீது. இத்தினி வருசமா இத மூடி வெச்சுகினா சுத்திகினு இருந்தே?"

மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நானும் வெங்காயம் உரித்தேன். அவர் அடிக்கடி நிறுத்தி நிறுத்தி என் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் மீசை மறுபடி கறுக்கத் தொடங்கியது. செல்விக்கு நிம்மதி, அக்கம்பக்கத்துக்கு நிம்மதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வெந்நீரும் சோப்பும் ரேசரும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்பா உயிரோடு இருந்தவரை நான் மீசை வைத்துக்கொள்ளவில்லை.